ஜிர்கல் பாக்கி வைத்த ஆட்டம்

கடைசியாக என் கணவர் ஜிர்கல் செய்த வேலை, ஒரு மவுஸைத் திருப்பிப் போட்டு, வயிற்றைத் திறந்து, உள்ளேயிருந்த ரப்பர் உருண்டையை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுக்கைச் சுரண்டியதுதான். மூன்றாம் எண் கம்ப்யூட்டரின் மவுஸ் அது. இரண்டு நாளாக இடப்பக்கம் மட்டும் நகர மறுத்தது.

“இது என்னைவிட அதிகமா தின்னுது பாரு,” என்று திரண்டு வந்த தூசை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“நேத்து நீங்க தோத்ததுக்கு இதுதான் காரணம்னு சொல்லப்போறீங்களா?”

“நான் எங்க தோத்தேன்? கண்ணுக்குத் தெரியாம பின்னால வந்து பாலத்தை உடைச்சிட்டுப் போனா அதுக்குப் பேரு ஜெயிக்கறதா?”

“அதுக்குப் பேருதான் யுத்தம்.”

சிரித்துக்கொண்டே உருண்டையைச் சட்டை நுனியில் துடைத்து உள்ளே போட்டார். தலைநகர் பிஷ்கெக்கில் யாரோ இரண்டு பழைய மானிட்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை வாங்கிவர உருளைக்கிழங்கு லாரி ஒன்றில் ஏறிக்கொண்டு போனார். 2004 ஜனவரி பதினான்கு, புதன்கிழமை. தோலோன் கணவாயில் லாரி பனிக்கட்டியில் சறுக்கியது. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது, அவர் போன பிறகு அவருக்காக நாங்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றி.

எங்கள் கம்ப்யூட்டர் கிளப் மலைநகரமான நாரினில், ஆற்றோரத்து ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முன்பு செருப்புத் தைக்கும் கடையாக இருந்த இடம். மழைக்காலத்தில் இன்னும் தோல் வாசனை வரும். ஒரே அறை, எட்டு கம்ப்யூட்டர்கள், ஒரு தேநீர்க் கெண்டி. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆடியது ‘பெரெப்ராவா’. ஆற்றைக் கடப்பது என்று பொருள். உலகப் போர்க்காலம், நடுவில் ஓர் ஆறு, இந்தக் கரையில் செம்படை, அந்தக் கரையில் ஜெர்மானியர். பக்கத்துக்கு நான்கு பேர். சதுரங்கம் மாதிரி நீ ஒன்று நகர்த்து, நான் ஒன்று நகர்த்துகிறேன் என்று காத்திருக்கிற ஆட்டம் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். நீங்கள் மூக்கைச் சொறிகிற நேரத்தில் எதிராளி பாலம் கட்டி, டாங்கியை ஏற்றி, உங்கள் கரையில் இறக்கிவிடுவான். யார் அக்கரையில் கொடி நடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

உங்கள் ஆட்கள் நிற்கிற இடம் மட்டும்தான் திரையில் தெரியும்; மற்றதெல்லாம் கறுப்பு. அதனால் நால்வரில் ஒருவர் ஒற்றர். மோட்டார் சைக்கிள் படையைக் கறுப்புக்குள் விட்டுத் தேடி, எதிரி எங்கே வருகிறான் என்று வாய்விட்டுக் கத்த வேண்டும். அது ஜிர்கலின் வேலை. அவர் கத்தினால் நாலாவது மாடியில் குழந்தை விழித்துக்கொள்ளும்.

அணியில் மற்ற மூவரும் குடும்பத்து ஆட்கள். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. எங்கள் வழக்கத்தில் மருமகள், மாமனார் பெயரையும் கணவர் வீட்டார் பெயரையும் சொல்வதில்லை; கணவர் பெயருக்கு மட்டும் விலக்கு. நான் எழுதுவதும் இல்லை. நாங்களாக ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். அதைப் பெண்களுக்குள் சொல்லிச் சிரிப்போமே தவிர, அந்த ஆளின் காதில் விழும்படி சொல்ல மாட்டோம். நேருக்கு நேர் உறவு முறைதான். மாமனாருக்கு நான் வைத்த பெயர் தந்திக்காரர். முப்பது வருடம் தந்தி ஆபீசில் இருந்தவர். இன்றைக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கட்டணம் உண்டு என்பது போலவே பேசுவார். கணவரின் பெரியப்பா மகன் போக்குவரத்துப் போலீஸ், அவர் விசில். கணவரின் தம்பிக்கு எங்கள் ஊரில் யாருக்கும் இல்லாத சுருட்டை முடி, அவன் சுருள்.

இந்தச் சங்கடம் ஆட்டத்துக்குள் எப்படி வந்தது என்றால், திரையில் ஆற்றை ஒட்டி ஒரு மேடு உண்டு. அதன் இடப்பக்கம் நாணல். நாணலுக்கு அடியில் சேறு. மாமா ஒரே மத்தியானத்தில் அந்தச் சேற்றில் பதினொரு டாங்கிகளை வரிசையாக இறக்கி மூழ்கடித்தார். அன்றிலிருந்து ஊர் முழுக்க அந்த மேட்டுக்கு அவர் பெயர்தான். அதே போல, ஆலைக்குச் சுருளின் பெயர். அங்கே படையை நிறுத்திவிட்டு அவன் தூங்கிவிட்டான். ரயில் நிலையத்துக்கு விசில் அண்ணனின் பெயர்; தன் லாரிகளையே மோதவிட்டு அங்கே நெரிசல் உண்டாக்கியவர் அவர். மேடும் ஆலையும் நிலையமும் அங்கே நாலைந்து உண்டு; பெயர் சொன்னால்தான் எது என்று தெரியும். சொல்லக்கூடாத மூன்று பெயர்களும் வரைபடத்தில் முக்கியமான மூன்று இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டன.

அடக்கத்தன்று முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தோம். வெளியே ஆண்கள் தொழுகைக்கு வரிசையாக நின்றார்கள். வழக்கப்படி மாமா முன்னால் வந்து கேட்டார்:

“என் மகன். யாருக்காவது ஏதாவது பாக்கி வெச்சிருந்தா, சொல்லுங்க. நான் கொடுக்கறேன்.”

இதற்குப் பதிலாக யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒன்றுமில்லை, மனநிறைவு என்று முணுமுணுப்பார்கள். ஆனால் அன்று ஒரு தொண்டை கனைத்தது. பாலிக்சி ரயில் நிலையத்துக் குமாஸ்தா எசென்குல். அந்த ஊர் அணியின் தலைவர். நூற்றெண்பது கிலோமீட்டர் வேனில் வந்திருந்தார்.

“எனக்கு ஒரு பாக்கி இருக்குங்க.”

உள்ளே எங்கள் ஒப்பாரி நின்றது.

“என்ன பாக்கி?” என்றார் மாமா.

“ஒரு ஆட்டம். போன இலையுதிர்காலத்துல என்னை ஜெயிச்சான். மார்ச் கடைசியில மறு ஆட்டம் தர்றேன்னு கையடிச்சுச் சொன்னான். நான் விட்டுடறேன்னு சொல்லலாம். ஆனா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். எனக்கு அந்த ஆட்டம் வேணும்.”

நான் சுவரைப் பார்த்தபடியே சிரித்துவிட்டேன். தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்த பெரியம்மா என் முதுகைத் தடவி, “அழு, கண்ணு, அழுதுடு,” என்றாள்.

வெளியே மாமா பதில் சொன்னார். “மார்ச் இருபத்தெட்டு. ஞாயிறு. கொடுப்போம்.”

நாற்பதாம் நாள் கழிந்ததும் அவர் அதற்கு மேலும் ஒரு தந்தி அடித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“ஆட்டம் கொடுப்போம். அப்புறம் கிளப்பை மூடுவோம். கம்ப்யூட்டர் கோச்கோருக்குப் போகுது. பள்ளிக்கூடத்துக்கு.”

“மாமா, நான் நடத்தறேன்.”

“வேண்டாம்.”

“ஏன் மாமா?”

அவர் ரொட்டியைப் பிய்த்தார். “அந்த நாற்காலி. பார்க்க முடியல.”

நான் பதினொரு வருடம் ஊர் நூலகத்தின் கிளையில் வேலை பார்த்தவள். அதை மூடியபோது புத்தகங்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தது நான்தான். இன்னோர் இடத்தை என் கையால் சாக்கில் கட்ட எனக்கு மனமில்லை. வீட்டிலோ ஜனவரியிலிருந்து எல்லாரும் காலடி கேட்காமல் நடந்தார்கள். கரண்டி தட்டில் படாமல் சாப்பிட்டார்கள். எனக்குச் சத்தம் வேண்டியிருந்தது. அது கிளப்பில்தான் இருந்தது. ஆனால் நாற்காலி காலியாக இருக்கிறவரை மாமா மனம் மாறாது என்றும் தெரிந்தது.

அந்த நாற்காலிக்கு ஆள் தேடினார்கள். மாட்டு டாக்டர் வந்தார். மோட்டார் சைக்கிள்களை ஆற்றுக்குள் விட்டார். சுருளின் நண்பன் வந்தான். நன்றாகப் பார்த்தான், ஆனால் பார்த்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டான். மார்ச் பத்தாம் தேதி நான் தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டு, “நான் உட்கார்றேன்,” என்றேன்.

விசில் அண்ணன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “நீயா? ஏம்மா, துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கே. ஊர் என்ன சொல்லும்?”

“பாக்கி வெச்சது என் புருஷன்தானே. ஊருக்கு அது தெரியும்.”

“அண்ணிக்கு ஆட வரும்ணே,” என்றான் சுருள். “கிளப் திறக்கறதுக்கு முன்னாடி தினமும் ரெண்டு பேரும் ஆடுவாங்க. அண்ணன் பாதி நாள் தோத்துடுவான். வெளியில சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான்.”

மாமா என்னைப் பார்த்தார். “உட்காரு.”

முதல் பயிற்சி ஆட்டத்தில் பத்தாவது நிமிடத்தில் மேட்டை நோக்கி ஆறு டாங்கிகள் வருவதைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.

“மாமாகிட்ட வர்றாங்க!” என்றேன்.

மற்ற இரண்டு பேரும் திரும்பி, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார்கள். மாமாவும் தன் பின்பக்கம் திரும்பிக் கதவைப் பார்த்தார். அதற்குள் மேடு போய்விட்டது.

“ஏம்மா, அந்த இடத்துக்குப் பேர் இருக்குல்ல!” என்றார் விசில் அண்ணன்.

“இருக்குண்ணே. அதுதான் பிரச்சினை.”

சுருள் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான். மாமா யோசித்தார். “சொல்லட்டும். அனுமதி.”

அனுமதி கிடைத்துவிட்டது. மறுநாள் தனியாகக் கிளப்பில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்து வரைக்கும் வந்தது. பிறகு விக்கல் வந்தது. எட்டு வருடமாகப் பூட்டிய நாக்கு, சாவி கிடைத்ததும் திறந்துவிடுமா? ‘மேடு ஒன்று, மேடு இரண்டு’ என்று எண் வைத்துப் பார்த்தோம். அவசரத்தில் எல்லாருக்கும் எண் மாறிப்போனது. கையைக் காட்டச் சொன்னார்கள். கையைக் காட்டினால் மவுஸை யார் பிடிப்பது? பத்துப் பயிற்சியில் ஏழு தோற்றோம்.

இருபத்தெட்டாம் தேதி எசென்குல் மூன்று பேருடன் வந்து இறங்கினார். விருந்தாளிக்கு முதலில் சாப்பாடு; இறைச்சியும் பட்டை மாவும் சேர்ந்த பெஷ்பர்மாக். மூத்தவர் என்பதால் ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தோம்.

“தலையைக் கொடுத்து என் வாயை அடைக்கப் பாக்கறீங்களா?” என்றார்.

“அடைக்க முடியாதுன்னு தெரியும்,” என்றார் விசில் அண்ணன். “கொஞ்சம் தாமதப்படுத்தலாம்னுதான். பெஷ்பர்மாக் இன்னும் ஒரு தட்டு வைக்கட்டுமா? கண்ணு சொருகும்.”

“வையுங்க. எங்க ஊர்க்காரங்க தூங்கிக்கிட்டே நாரினை ஜெயிப்பாங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. “தங்கச்சி, நீங்கதான் அவன் இடத்துலயா? நான் விட்டுக்கொடுத்து ஆட மாட்டேன். அது அவனுக்கு மரியாதை இல்ல.”

“விட்டுக்கொடுத்தா டீ கிடையாது,” என்றேன்.

நாங்கள் நால்வர் ஜன்னல் பக்கம், அவர்கள் நால்வர் கதவுப் பக்கம், முதுகுக்கு முதுகு. ஒரே அறை என்பதால் யார் கத்தினாலும் எட்டுப் பேருக்கும் கேட்கும். அதைக் கேட்டுத் திட்டத்தை மாற்றுவதும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான். எங்கள் இடப்பெயர்கள் எல்லாம் எசென்குலுக்கு மனப்பாடம்.

தொடக்கம் கேவலமாக இருந்தது. ரயில் நிலையத்துக்குக் காலாட்படை வருவதைப் பார்த்து, “அங்க! அதோ, அங்க!” என்றேன். “எங்க?” என்றார்கள் மூவரும். நிலையம் போனது. அதோடு பெட்ரோலில் பாதி போனது.

“நாரின்காரங்க ஒற்றருக்கு நாக்கு இல்லையா?” என்று பின்னாலிருந்து எசென்குல் கேட்டார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

எனக்குக் காது சுட்டது. பதினொரு வருடம் ‘உஷ்’ என்று மற்றவர்களை அடக்கியே சம்பளம் வாங்கியவள் நான். கத்துவது எனக்குத் தெரியாத தொழில். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். நாளைக்குக் காலையில் கோச்கோர் வண்டி வந்து நிற்கப்போகிற முகம்.

முப்பதாவது நிமிடம் ஆலைப் பக்கம் எதிரி மோட்டார் சைக்கிள்கள் ஆரவாரமாகச் சுற்றின. வேண்டுமென்றே காட்டுகிறார்கள் என்று தோன்றியது. ஜிர்கலும் காலை ஆட்டங்களில் ஒரு பக்கம் தூசு கிளப்பிவிட்டு மறுபக்கம் வருவார். நான் என்னிடம் மிச்சமிருந்த ஒரே மோட்டார் சைக்கிளை எதிர்த்திசையில், கறுப்புக்குள் விட்டேன். மேட்டுக்குக் கீழே கறுப்பு விலகியது. ஒன்பது டாங்கிகள், சத்தமில்லாமல், வரிசையாக. மேடு விழுந்தால் எங்கள் பாலம் அவர்கள் பீரங்கிக்கு நேர் கீழே. மோட்டார் சைக்கிள் சுடப்பட்டு அணைந்தது.

“தந்திக்காரர்கிட்ட ஒன்பது டாங்கி!”

நாலாவது மாடியில் குழந்தை அழுதது.

சுருள் வாயைப் பொத்திக்கொண்டான். எட்டு வருடம் அவர் காதில் விழாமல் காத்த பெயர்.

“யாரு?” என்றார் எசென்குல். “எந்தத் தந்திக்காரர்? இந்தப் படத்துல தந்தி ஆபீசே இல்லையே! டேய், தந்தி ஆபீஸ் எங்கடா இருக்கு?”

மாமா யாரையும் கேட்கவில்லை. அவருடைய மவுஸ் அதற்குள் நகர்ந்துவிட்டது. மேட்டின் வலப்பக்கத்துச் சாலையைக் குறிவைத்துத் தன் பீரங்கிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழங்கவிட்டார். டாங்கிகள் எதுவும் உடையவில்லை. ஆனால் அடி விழுகிற பக்கத்தை விட்டு விலகி, இடப்பக்கம் திரும்பின. நாணல் பச்சையாக, அழகாக, அமைதியாக இருந்தது. முதல் டாங்கி உள்ளே போனது. இரண்டாவது. அந்தச் சேற்றின் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று உலகத்தில் மாமாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

“ஏழு,” என்றார் மாமா, கடைசி டாங்கியின் குழாய் மூழ்கியதும்; மற்ற இரண்டும் பின்வாங்கி ஓடிவிட்டன. பிறகு நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார். “எனக்குப் பதினொண்ணு.”

அதற்குப் பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை.

“விசில்கிட்ட காலாட்படை, ரெண்டு வரிசை!”

“விசிலா? நானா விசில்?” என்றார் அண்ணன், கை ஓயாமல் படையைத் திருப்பிக்கொண்டே. “எத்தனை வருஷமா?”

“கல்யாணத்துலேர்ந்துண்ணே! சுருள்கிட்ட பெட்ரோல் வண்டி, காவல் இல்ல!”

“புடிச்சிட்டேன் அண்ணி!”

“இவங்க என்ன பாஷை பேசறாங்க?” என்று பாலிக்சிக்காரர் ஒருவர் அழுகிற குரலில் கேட்டார். எசென்குல் தன் ஆட்களை ஆலைக்கு ஓடவிட்டார், திரும்ப அழைத்தார், மறுபடி ஓடவிட்டார். பெஷ்பர்மாக்கின் இரண்டாவது தட்டும் அப்போது வேலை செய்திருக்க வேண்டும்.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் எங்கள் டாங்கி ஒன்றும் பதினாலு காலாட்களும் பாலத்தைக் கடந்தார்கள். டாங்கி பாதியிலேயே போனது. பதினாலில் மூன்று பேர் கரை ஏறினார்கள். ஒருவன் கொடியை நட்டான்.

விசில் அண்ணன் பாக்கெட்டிலிருந்து நிஜ விசிலை எடுத்து ஊதினார். சுருள் என் நாற்காலியைப் பிடித்துச் சுற்றினான். கறுப்புத் தலைத்துணி அவிழ்ந்து மடியில் விழுந்தது. எசென்குல் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மாமாவின் முன்னால் நேராக நின்றார்.

“பாக்கி வந்து சேர்ந்தது. அவன்கிட்ட எனக்கு இனி எதுவும் வரவேண்டியதில்ல. மனசு நிறைஞ்சிருக்கு.”

அடக்கத்தன்று சொல்ல வேண்டிய சொற்கள். ஜனவரியிலிருந்து ஜிர்கலுக்காகக் காத்திருந்தவை. நான் குனிந்து தலைத்துணியைக் கட்டினேன். முடிச்சு சரியாக வர நேரம் பிடித்தது.

வேன் கிளம்பிய பிறகு மாமாவும் நானும் கோப்பைகளைக் கழுவினோம். அவர் கழுவினார், நான் துடைத்தேன்.

“தந்திக்காரர்,” என்றார் திடீரென்று.

“மன்னிச்சிடுங்க மாமா. அவசரத்துல—”

“தெரியும். முன்னாடியே. உன் மாமியார் சொல்லிட்டா. முதல் வாரமே.” இன்னொரு கோப்பையை நீட்டினார். “பரவாயில்ல. எங்க அண்ணன் மனைவி வெச்ச பேரு இதைவிட மோசம்.”

“என்ன பேரு மாமா?”

“சொல்ல மாட்டேன்.”

கடைசிக் கோப்பையையும் கவிழ்த்துவிட்டு, கோட்டை மாட்டி, கதவு வரை போய் நின்றார். எட்டு திரைகளும் அணைந்திருந்தன. அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். நான் அதன் முதுகில் என் கம்பளிச் சட்டையைத் தொங்கவிட்டிருந்தேன். மேஜையில் என் கண்ணாடிக்கூடு, பாதி தின்ற பூர்சோக் பணியாரம் ஒன்று.

“நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பே?”

“பத்து மணிக்கு, மாமா.”

“கோச்கோருக்குப் போன் பண்றேன்,” என்றார். “வர வேண்டாம்.”

சுருளுக்குக் கல்யாணமாகிவிட்டது; அவன் மனைவி எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. விசில் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். மாமா போய் ஐந்து வருடமாகிறது. கம்ப்யூட்டர்கள் மூன்று தடவை மாறிவிட்டன. பெரெப்ராவாவை இப்போது ஆடுகிறவர்கள் எங்கள் வயதுக்காரர்கள் மட்டும்தான்; இளையவர்கள் வேறு போர்களுக்குப் போய்விட்டார்கள். கிளப் காலை பத்து மணிக்குத் திறக்கிறது.